கராஜ் ஹீட்டரும் பிரேக்கரும்: எந்த அறிகுறி வந்தால் எங்கே பார்ப்பது

மிச்சிகனில் நவம்பர் பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி கராஜ் ஹீட்டரைப் பற்றியதாக இருக்கும். நோவாய், கேன்டன், டிராய் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்குக் கராஜ் என்பது கார் நிறுத்துகிற இடம் மட்டும் இல்லை. ஒருவர் அங்கே மரவேலை செய்கிறார், ஒருவர் உடற்பயிற்சி செய்கிறார், இன்னொரு வீட்டில் தமிழ்ச் சங்க நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் நடன ஒத்திகை பார்க்கிறார்கள். தரை சில்லிட்டுப் போனதும் ஒரு ஹீட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். அதற்கப்புறம்தான் போன் வருகிறது.

கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "பிரேக்கர் விழுந்துகிட்டே இருக்கு, பெரிய பிரேக்கர் போட்டா சரியாயிடுமா?" இந்தக் கேள்விக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். பிரேக்கர் என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து அறுத்துவிடும் ஸ்விட்ச். அது ஹீட்டரைக் காப்பாற்ற வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்ற வைத்தது அது. இந்த ஒன்று மனதில் நின்றால் கீழே சொல்லப்போகிற எல்லாம் சுலபமாகப் புரியும்.

தேட ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஹீட்டரின் பெயர்த்தகட்டில் இருக்கும் வாட்ஸும் வோல்ட்டும். இரண்டு, பேனலில், அதாவது பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் பெட்டியில், அந்த ஹீட்டருக்கான பிரேக்கர் கைப்பிடியில் அச்சிட்ட எண். மூன்று, பேனலுக்குள் நுழையும் கேபிளின் மேலுறை நிறம். வீடுகளில் ஓடும் பிளாஸ்டிக் உறை கேபிளை இங்கே ரோமெக்ஸ் என்பார்கள். 2001 வாக்கிலிருந்து அதற்கு நிறம் உண்டு. வெள்ளை என்றால் 14 கேஜ், மஞ்சள் 12, ஆரஞ்சு 10, கறுப்பு என்றால் 8 அல்லது 6. எண் கூடக் கூட ஒயர் மெலியும் என்பதை மறக்க வேண்டாம். அதைவிடப் பழைய வீடு என்றால் நிறத்தை நம்பாமல் உறைமேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள்.

அப்புறம் எச்சரிக்கை. பேனல் மூடியைக் கழற்றுவதாக இருந்தால் மெயின் பிரேக்கரை அணையுங்கள். அணைத்த பிறகும் மெயினுக்கு மேலே தெருவிலிருந்து வரும் இரண்டு தடித்த ஒயர்களிலும் அவற்றின் முனைகளிலும் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். அதை வீட்டுக்குள் இருந்து யாராலும் அணைக்க முடியாது. மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துச் சரிபார்த்து, பிறகு வேலை செய்யப்போகிற இடத்தில் வைத்து, மறுபடி கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் செய்யக் கை நடுங்கினால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அறிகுறி: முதலில் நன்றாக ஓடுகிறது, ஒரு மணி நேரம் கழித்துப் பிரேக்கர் விழுகிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். ஸ்விட்ச் போட்டதும் விழுந்தால் ஷார்ட் என்று சந்தேகிக்கலாம். நேரம் எடுத்துக்கொண்டு விழுந்தால் அது ஓவர்லோடு. பிரேக்கருக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒன்று காந்தச் சுருள். ஷார்ட் ஆனால் கண் இமைக்கும் முன்னே தட்டிவிடும். இன்னொன்று இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. கரண்ட் ஓட ஓட அது சூடாகி மெல்ல வளையும், போதுமான அளவு வளைந்ததும் தட்டிவிடும். ஒரு மணி நேரம் கழித்து விழுந்தால் வேலை செய்தது இந்தப் பட்டைதான்.

கணக்கு ரொம்ப எளிது. வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 5600 வாட்ஸ் ஹீட்டர், 240 வோல்ட். வகுத்தால் 23.3 ஆம்பியர். அதை 20 ஆம்பியர் பிரேக்கரில் மாட்டியிருந்தால் அதன் அளவைவிட ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது. அமெரிக்கத் தரப்படி 135 சதவீதம் ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 117 சதவீதத்தில் ஒரு நாள் ஐம்பது நிமிடத்தில் விழும், இன்னொரு நாள் இரண்டு மணி நேரம் தாங்கும், பேனலும் குளிர்ந்து கிடக்கும் ராத்திரியில் விழாமலே இருந்துவிடும். "சில நாள் விழுது, சில நாள் விழலை, ஒண்ணும் புரியல" என்று சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இந்த நிலைமைதான்.

அப்படியானால் எவ்வளவு பிரேக்கர், எவ்வளவு ஒயர்? அமெரிக்காவின் மின் வேலை விதிநூலான நேஷனல் எலக்ட்ரிகல் கோட், நிலையாகப் பொருத்திய மின் ஹீட்டரைத் தொடர்ந்து ஓடும் சுமையாகவே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதாவது வந்த ஆம்பியரை 1.25-ஆல் பெருக்கி, அந்த அளவுக்குக் குறையாத ஒயரும் பிரேக்கரும் போட வேண்டும். பிளக் வைத்த பெரிய ஹீட்டருக்கும் இதே கணக்கைப் போடுவதுதான் என் வழக்கம், ஏனென்றால் அதுவும் மணிக்கணக்கில்தான் ஓடப்போகிறது.

போட்டுப் பார்ப்போம். 3000 வாட்ஸ் என்றால் 12.5 ஆம்பியர், கால் பங்கு சேர்த்தால் 15.6. 20 ஆம்பியர் பிரேக்கரும் 12 கேஜ் மஞ்சள் கேபிளும் போதும். 4000 வாட்ஸில்தான் பலர் சறுக்குகிறார்கள். 16.7 ஆம்பியர்தானே, 20-க்குள் அடங்கிவிடும் என்று தோன்றும். கால் பங்கு சேர்த்தால் 20.8, அதாவது 20-ஐத் தாண்டிவிட்டது. 25 ஆம்பியர் பிரேக்கரோ, ஹீட்டரின் கையேடு அனுமதித்தால் 30 ஆம்பியரோ போட்டு, 10 கேஜ் ஆரஞ்சு கேபிள் இழுக்க வேண்டும். 5000 வாட்ஸுக்கு 20.8, பெருக்கினால் 26. 30 ஆம்பியர், 10 கேஜ். மேலே சொன்ன 5600 வாட்ஸுக்கு 29.2, அதுவும் 30 ஆம்பியர், 10 கேஜ். 7500 வாட்ஸுக்கு 31.25, பெருக்கினால் 39. 40 ஆம்பியர், 8 கேஜ். எல்லாமே செம்பு ஒயருக்குச் சொன்னது. அதற்கு மேலே போனால் எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி: 30 ஆம்பியர் சர்க்யூட்டில் 240 வோல்ட்டில் தொடர்ந்து ஓட்டக்கூடியது 5760 வாட்ஸ் வரைதான். 5600 வாட்ஸ் என்ற அளவில் ஹீட்டர்கள் வருவது ஏன் என்று இப்போது புரியும்.

அறிகுறி: பெரிய பிரேக்கர் போட்டதும் விழுவது நின்றுவிட்டது

இதை ஒரு கோளாறாக யாரும் என்னிடம் சொல்வதில்லை. சரியாகிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான். எந்தச் சத்தமும் இல்லாமல் நடக்கிற ஆபத்து.

மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், புதிதாக வீடு வாங்கினார். முந்தைய சொந்தக்காரர் கராஜில் காற்று கம்ப்ரெசருக்காக 240 வோல்ட், 20 ஆம்பியர் பாயின்ட் ஒன்று விட்டுவிட்டுப் போயிருந்தார். நண்பர் 5600 வாட்ஸ் ஹீட்டர் வாங்கினார். அதன் பிளக் 30 ஆம்பியர் வடிவம், பழைய சாக்கெட்டில் ஏறவில்லை. பிளக் ஏறாமல் இருப்பதே ஒரு எச்சரிக்கை, அதற்காகத்தான் வடிவத்தை மாற்றிச் செய்கிறார்கள். அவர் சாக்கெட்டை மாற்றினார். ஹீட்டர் ஓடியது, பிரேக்கர் விழுந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி 30 ஆம்பியர் பிரேக்கர் வாங்கிப் போட்டார். அதோடு விழுவது நின்றது.

"அண்ணே, முப்பது போட்டதுக்கு அப்புறம் ஒரு தடவைகூட விழல" என்று சந்தோஷமாகச் சொன்னார். கேபிள் என்ன நிறம் என்று கேட்டேன். "மஞ்சள்" என்றார். அன்று சாயங்காலமே கிளம்பிப் போனேன்.

ஹீட்டர் முக்கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. சாக்கெட்டின் முகத்தில் விரலை வைத்தேன், மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அணைத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, சாக்கெட்டைப் பெட்டியிலிருந்து வெளியே இழுத்தேன். கறுப்பு ஒயரின் கடைசி ஒரு அங்குலத்தில் உறை பளபளப்பை இழந்து பழுப்பேறியிருந்தது. லேசாக வளைத்ததும் முறுக்கு வற்றல் மாதிரி உடைந்து உதிர்ந்தது. உள்ளே செம்பு ஊதா கலந்த கருநிறத்தில் இருந்தது. அந்த ஸ்குரூவை டிரைவரால் தொட்டால் அரைச் சுற்று சும்மாவே சுற்றியது. மெலிந்த ஒயரில் அதிகக் கரண்ட், அதன் முனையில் லூஸ் காண்டாக்ட். இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். 30 ஆம்பியர் பிரேக்கருக்கு இது எதுவும் தெரியாது. 23 ஆம்பியர்தான் ஓடுகிறது, அதன் கணக்கில் எல்லாம் சுகம்.

நம் ஊரில் பியூஸ் கட்டை காலத்தை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி பியூஸ் போனால் ஒற்றை இழைக்குப் பதில் இரண்டு மூன்று இழை சேர்த்து முறுக்கிப் போடுகிற பழக்கம் எத்தனையோ வீடுகளில் இருந்தது. பியூஸ் போகாது, ஆனால் சுவருக்குள் ஒயர் வேகும். ஒயரை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்குவது அதே காரியம்தான்.

சரி, என்ன செய்வது? ஒயரின் அளவைப் பார்த்துப் பிரேக்கரைப் போடுங்கள். 14 கேஜுக்கு 15 ஆம்பியர், 12 கேஜுக்கு 20, 10 கேஜுக்கு 30. வீட்டு ரோமெக்ஸ் கேபிளில் 8 கேஜுக்கு 40. பெரிய பிரேக்கர் ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றைக்கே ஹீட்டரை நிறுத்தி, பழைய அளவுக்குத் திரும்புங்கள். ஹீட்டர் கட்டாயம் வேண்டும் என்றால் புதுக் கேபிள் இழுங்கள். அந்த நண்பர் வீட்டில் பேனலிலிருந்து 35 அடிதான் தூரம். ஒரு சனிக்கிழமையில் ஆரஞ்சுக் கேபிள் இழுத்து முடித்தாயிற்று. பழைய மஞ்சள் கேபிளின் கருகிய முனையை வெட்டிவிட்டு, நல்ல ஒயர் வரும் இடத்தில் புதிதாக உறை சீவி, மறுபடி 20 ஆம்பியர் பாயின்ட்டாகவே வைத்தோம்.

இன்னொன்று. பிரேக்கர் வாங்கும்போது உங்கள் பேனலின் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் குறிப்பிட்ட வகையையே வாங்குங்கள். வேறு கம்பெனிப் பிரேக்கர் உள்ளே கச்சிதமாக உட்காருவது போலத் தெரியும். ஆனால் அடியில் இருக்கும் உலோகப் பட்டையைக் கெட்டியாகப் பிடிக்காமல், அங்கேயே சூடாகத் தொடங்கிவிடும்.

அறிகுறி: ஸ்விட்ச் போட்ட கணமே விழுகிறது

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஹீட்டரின் ஒயர்களைக் கழற்றி, முனைகளைத் தனித்தனியாக மூடிவிட்டு, பிரேக்கரைப் போடுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு கேபிளிலோ பிரேக்கரிலோ. கேபிளை அடிக்கும் கிளிப்பை அழுத்தி அடித்ததில் உறை நசுங்கியிருக்கலாம், டிரைவால் ஸ்குரூ கேபிளைத் துளைத்திருக்கலாம், ஹீட்டர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் தகட்டின் விளிம்பு அறுத்திருக்கலாம். விழாமல் நின்றால் கோளாறு ஹீட்டரில். ஹீட்டரின் இரண்டு கரண்ட் முனைகளிலும் மீட்டரை வைத்து ஓம் பாருங்கள். 5000 வாட்ஸ், 240 வோல்ட் ஹீட்டரில் ஏறக்குறைய 11.5 ஓம் காட்டும். எந்த முனைக்கும் உலோக உடலுக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் எலிமென்ட், அதாவது உள்ளே சூடாகும் கம்பி, உடலில் முட்டுகிறது, அந்த ஹீட்டரை ஓட்ட வேண்டாம்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் சூடே இல்லை

இங்கே நம் ஊர்ப் பழக்கம் நம்மையே ஏமாற்றும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். அமெரிக்க வீட்டுக்கு வருவது வேறு மாதிரி. தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் சுருளை நடுவில் பிடித்து அதை நியூட்ரல் ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு முனையும் பேஸ். ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120. இரண்டு பேஸுக்கும் நடுவே 240. ஆகவே இங்கே 240 வோல்ட் ஹீட்டருக்கு நியூட்ரல் வேலையே இல்லை. இரண்டு பேஸ், ஒரு எர்த், அவ்வளவுதான்.

இதை அறியாமல் ஒரு பேஸையும் நியூட்ரலையும் கொடுத்தால் ஹீட்டருக்குக் கிடைப்பது 120 வோல்ட். வோல்ட் பாதியானால் சூடும் பாதியாகும் என்று நினைப்போம். அப்படி இல்லை, கால் பங்காகிவிடும். வோல்ட்டோடு கரண்ட்டும் பாதியாகிறது, பாதியில் பாதி கால். 5000 வாட்ஸ் ஹீட்டர் 1250 வாட்ஸ்தான் தரும். விசிறி சோம்பலாகச் சுற்றும், காற்று வெதுவெதுப்பாக வரும். ஹீட்டர் மட்டம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நிறமும் குழப்பும். நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ். கறுப்பு நியூட்ரல். இங்கே கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். ஊர் ஞாபகத்தில் கறுப்பைத் தொட்டால் ஷாக் அடிக்கும். 240 வோல்ட் ஹீட்டர் கேபிளில் அந்த வெள்ளையும் பேஸாகத்தான் வேலை செய்கிறது. அதனால் பேனலிலும் ஹீட்டரிலும் இரண்டு முனைகளிலும் வெள்ளை ஒயர்மேல் கறுப்பு அல்லது சிவப்பு டேப் சுற்றுவது விதி. அடுத்து திறக்கிறவர் உயிருக்கு அந்த இரண்டு அங்குல டேப்தான் காவல். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மீட்டரில் பார்க்கும் முறை இது. ஹீட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு பேஸுக்கும் நடுவே வையுங்கள். 240 வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் 120 வருகிறது, ஆனால் நடுவே பூஜ்யம் என்றால், இரண்டு ஒயரும் ஒரே பக்கத்துப் பேஸிலிருந்து வருகின்றன. ஒரு இடத்தில் இரண்டு குட்டிப் பிரேக்கர்கள் இருக்கும் டேண்டம் வகையில் மாட்டினால் இப்படி ஆகும். 240-க்கு என்றே செய்த, இரண்டு கைப்பிடியும் ஒன்றாக விழும் டபுள் போல் பிரேக்கர்தான் வேண்டும். ஒரு ஒயரில் 120, மற்றதில் எதுவும் இல்லை என்றால் பிரேக்கரில் ஒரு பக்கம் செத்திருக்கிறது, அல்லது ஒரு முனை கழன்றிருக்கிறது.

ஹீட்டரைக் கழற்றாமல் எர்த்துக்கு மட்டும் அளந்து பார்த்து ஏமாறாதீர்கள். உயிருள்ள பேஸ், எலிமென்ட் வழியாகப் போய்ச் செத்த பக்கத்திலும் 120 காட்டும். இரண்டிலும் 120 இருக்கிறதே என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படிப் போனது.

பெரிய அடுக்குமாடிகளிலும் வணிகக் கட்டடங்களிலும் பல இடங்களில் 208 வோல்ட்தான் வரும். அங்கே 240 வோல்ட் ஹீட்டர் முக்கால் பங்கு சூடுதான் தரும். அது கோளாறு இல்லை.

அறிகுறி: பிளக் சுடுகிறது, கருகல் வாசம் வருகிறது

120 வோல்ட்டில் ஓடும் சின்ன ஹீட்டர்களில் இதை அதிகம் பார்க்கிறேன். 1500 வாட்ஸ் என்றால் 12.5 ஆம்பியர். 15 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மணிக்கணக்கில் இதுவே கிட்டத்தட்ட விளிம்பு. அதே சர்க்யூட்டில் சாம்பாருக்கு அரைத்த தேங்காயையும் ஊரிலிருந்து வந்த கருவாட்டையும் வைத்திருக்கும் பிரீசர் ஒன்று ஓடும். அதன் கம்ப்ரெசர் கிளம்பும்போது பிரேக்கர் விழும். யாரும் கவனிக்காவிட்டால் இரண்டு நாள் கழித்துப் பிரீசரில் இருப்பதெல்லாம் வீணாகும்.

பிளக் சுட்டால் முதலில் எக்ஸ்டென்ஷன் ஒயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். மெல்லிய 16 கேஜ் எக்ஸ்டென்ஷனை வளைத்துச் சுருட்டி வைத்து ஹீட்டர் ஓட்டுவது நெருப்பைக் கூப்பிடுவது. அப்புறம் சாக்கெட். பிளக்கை இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதா? உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, சாக்கெட்டை மாற்றுங்கள். மாற்றும்போது ஒயரைப் பின்பக்க ஓட்டையில் குத்தி விடாமல், ஸ்குரூவைச் சுற்றி வளைத்து இறுக்குங்கள். 240 வோல்ட் சாக்கெட்டுகளிலும் பிரேக்கர்களிலும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பொருளின் மேலேயே எழுதியிருக்கும். அந்த அளவுக்கு முறுக்குமானி (எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்குரூ டிரைவர்) வைத்து இறுக்கச் சொல்லிக் கோட் கேட்கிறது. கையால் இறுக்கியது போதும் என்று இருபது வருடம் நினைத்தவன் நான். முறுக்குமானி வாங்கிய அன்று என் சொந்தப் பேனலில் நான்கு ஸ்குரூக்கள் இன்னும் கால் சுற்று போயின.

அறிகுறி: சீசனில் முதல் நாள் ஜிஎஃப்சிஐ தட்டிவிடுகிறது

கராஜ் சாக்கெட்டுகளுக்கு ஜிஎஃப்சிஐ, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே அறுக்கும் பாதுகாப்பு, கட்டாயம். கோடின் 2020 பதிப்பிலிருந்து 240 வோல்ட் சாக்கெட்டுகளும் அதில் சேர்ந்துவிட்டன. போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் 5 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டாலே அது தட்டிவிடும். ஹீட்டர் எலிமென்ட்டின் குழாய்க்குள் மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கிறார்கள். கோடை முழுக்கப் புழுங்கும் கராஜில் கிடந்தால் அந்தப் பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நவம்பரில் போட்டதும் அந்த ஈரம் வழியாகக் கரண்ட் கொஞ்சம் உடலுக்குக் கசிகிறது.

ஹீட்டரை வெதுவெதுப்பான, உலர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். அப்படியும் தட்டினால் எலிமென்ட் பழுது. ஜிஎஃப்சிஐயை எடுத்துவிட்டுச் சாதாரணப் பிரேக்கர் போட்டு அதை ஓட்டாதீர்கள். கராஜ் தரையில் பனி உருகிய தண்ணீர் நிற்கும், அதில் ஈரச் செருப்போடு நிற்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். சாக்கெட் இல்லாமல் நேரடியாக ஒயர் கொடுத்து மாட்டும் ஹீட்டருக்கு இந்தச் சாக்கெட் விதி பொருந்தாது. ஆனால் உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் சொல்வதே கடைசி வார்த்தை.

அறிகுறி: தெர்மோஸ்டாட் ஆஃப், ஆனால் டெஸ்டர் எரிகிறது

சிங்கிள் போல் தெர்மோஸ்டாட் ஒரு பேஸைத்தான் அறுக்கும், மற்றது ஹீட்டருக்குள் உயிரோடு காத்திருக்கும். சுத்தம் செய்யக் கையை விட்டால் 120 வோல்ட் அடிக்கும். டபுள் போல் வாங்குங்கள், கரண்ட் அளவையும் பாருங்கள். சுவரில் மாட்டும் பல தெர்மோஸ்டாட்கள் 22 ஆம்பியர் வரைதான் தாங்கும். 5000 வாட்ஸ் அதில் அடங்கும், 5600 அடங்காது. எப்படியானாலும், ஹீட்டரைத் திறக்கும் முன் பிரேக்கரை அணைத்துப் பூட்டுங்கள். ஹீட்டர் கண்ணில் படும் இடத்தில் ஒரு டிஸ்கனெக்ட் ஸ்விட்ச் வேண்டும், அல்லது பிரேக்கரை ஆஃப் நிலையில் பூட்டும் வசதி இருக்க வேண்டும்.

அறிகுறி: பிரேக்கர் விழவில்லை, ஹீட்டர் தானாக நின்று நின்று ஓடுகிறது

ஒயரிங்கை விடுங்கள். உள்ளே சூடு அளவு மீறினால் நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் வேலை செய்கிறது. மரத்தூள் அடைத்திருக்கும், அல்லது விசிறி மெதுவாகச் சுற்றும், அல்லது கூரைக்கு ரொம்ப நெருக்கமாக மாட்டியிருப்பீர்கள். அணைத்துவிட்டுத் தூசியை ஊதுங்கள், கையேட்டில் சொன்ன இடைவெளியைக் கொடுங்கள்.

அறிகுறி: ஹீட்டர் போட்டால் வீட்டில் செத்த விளக்குகள் உயிர் பெறுகின்றன

விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை. வீட்டில் பாதி விளக்குகள் எரியவில்லை. கராஜ் ஹீட்டரைப் போட்டதும் அவை மங்கலாக எரிகின்றன. தெருவிலிருந்து வரும் இரண்டு பேஸில் ஒன்று போய்விட்டது, ஹீட்டரின் எலிமென்ட் வழியாக மற்ற பேஸ் அந்தப் பக்கத்துக்குப் போகிறது. எல்லா 240 வோல்ட் சாதனங்களையும் அணைத்துவிட்டு மின் கம்பெனிக்குப் போன் போடுங்கள். ஒரு பக்கம் விளக்குகள் மங்கி மறுபக்கம் கண்ணைக் கூசும்படி பிரகாசித்தால் அது இன்னும் அவசரம். நியூட்ரல் கழன்றிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் டிவியும் பிரிட்ஜும் எரிந்துபோகும்.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு

நன்றாகக் குளிர்காப்பு செய்த கராஜுக்கு ஒரு சதுர அடிக்கு 10 வாட்ஸ் என்பது பழைய கைக்கணக்கு. இரண்டு கார் நிற்கும் 20க்கு 20 அடிக் கராஜுக்கு 4000 வாட்ஸ். கதவு மெல்லிய தகடு என்றால் 5000-க்குப் போங்கள். அதற்கு முன் கதவின் அடி ரப்பரை மாற்றுங்கள். இருபது டாலர் ரப்பர் செய்கிற வேலையை இன்னொரு ஆயிரம் வாட்ஸ் செய்யாது. 5000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 5 யூனிட். உங்கள் பில்லில் யூனிட் விலையை எடுத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பேனல் மொத்தம் 100 ஆம்பியர்தான், அதில் மின் அடுப்பு, டிரையர், கார் சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், காலி இடம் இருக்கிறதே என்று பிரேக்கரைச் செருகாதீர்கள். மொத்தச் சுமைக் கணக்கு போட வேண்டும். கார் சார்ஜரும் ஹீட்டரும் டிரையரும் ஒரே ராத்திரியில் சேர்ந்து ஓடுவது நம் வீடுகளில் சாதாரணம். பெர்மிட் எடுங்கள். மிச்சிகனில் சொந்தக்காரர் தான் குடியிருக்கும் வீட்டுக்குத் தானே பெர்மிட் எடுத்து வேலை செய்யலாம். இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பது நமக்குக் கிடைக்கும் இரண்டாவது ஜோடிக் கண்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தனியே தள்ளியிருக்கும் கராஜ் என்றால் தூரம் பாருங்கள். 10 கேஜில் 100 அடி தூரத்துக்கு 5000 வாட்ஸ் ஓட்டினால் ஏறக்குறைய 5 வோல்ட் குறையும், பாதகம் இல்லை. 200 அடி என்றால் அடுத்த தடிமனுக்குப் போங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று ஹீட்டரை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சாக்கெட் முகத்திலும், கேபிள் வெளியே தெரியும் இடத்தில் அதன் உறைமேலும், பேனலில் பிரேக்கரின் முகத்திலும் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கத் தோன்றினால் அணைத்துவிட்டு அந்த இடத்து ஸ்குரூவிலிருந்து தேடத் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து, குளிர் நன்றாக இறங்கிய ஒரு நாளில், பிரேக்கரை அணைத்து அந்த ஸ்குரூக்களை முறுக்குமானியால் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.